முகம் பொருந்தவில்லை

ஆரல்வாய்மொழியில் எனக்கு முன்பே
காற்று வேலைக்கு வந்துவிடும்.
ஆடி பிறந்தால் இரவும் பகலும் அதன் டியூட்டி.
காற்றாலைகள் அதற்குச் சம்பளம் எண்ணுகின்றன.
நான் பங்கில் டீசல் அடிக்கிறேன்.

காவல்கிணறு பக்கம் செம்மண், உடைமரம்.
கணவாய் தாண்டினால் தோவாளை,
வாய்க்கால், வயல், பிச்சிப்பூ.
பஸ்ஸில் கண்ணயர்ந்து விழிப்பதற்குள்
தேசம் மாறிவிடும்.
என் முகமும் அப்படித்தான்.
நெற்றியும் மூக்கும் நனைந்த நாஞ்சில் நாடு.
கன்னம் இரண்டும் பணகுடி.
எல்லைக்கோட்டில், தாடை நெடுக,
பருக்கள் முகாம் போட்டிருக்கின்றன.

வடசேரியில் ஒரு டியூப் வாங்கினேன்.
இரண்டு வாரம் நிலா.
அந்த நிலா வாரத்தில்தான்
தாணுமூர்த்தி சார் புது மிஷின் மாட்டி
எங்கள் முகங்களைப் பதிந்துகொண்டார்.
டியூப் தீர்ந்ததும் முகம் அடுப்பாயிற்று.
எலுமிச்சை பிழிந்தேன், யாரோ சொன்னார்கள்.
பற்பசை பூசினேன், யாரும் சொல்லவில்லை.
சர்க்கரை போட்டுத் தேய்த்தேன்,
அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல.
என்மேல் எனக்கு
அவ்வளவு கோபம் இருந்திருக்கிறது.

காலையில் பச்சை வட்டத்துக்குள் முகம் நீட்டினேன்.
"முகம் பொருந்தவில்லை" என்றது,
ஒருநாளும் சளி பிடிக்காத ஒரு பெண்குரல்.
"மீண்டும் முயலவும்."
பின்னால் நின்ற சுபிதா சிரித்தாள்.
பிறகு சிரிப்பை விழுங்கிக் கிட்டே வந்தாள்.
"எளா ஜெர்லின், இது பரு மட்டும் இல்ல,
பொள்ளுனதாக்கும்.
பத்து நாளு அந்தச் சவத்த சும்மா விடு."

சும்மா விடுவது.
எனக்குத் தெரியாத ஒரே வேலை.

முதல் நாள் விரல் தானாகத் தாடைக்குப் போனது.
ஒரு கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
மறுகையால் டீ குடித்தேன்.
அடுத்த நாள் தலையணை உறையைத் துவைத்தேன்,
ஹெல்மெட் வாரையும்.
அதில் இத்தனை அழுக்கா!

பங்குக்குப் பின்னால்
ஆயில் கேனை வெட்டி சுபிதா வைத்த கற்றாழை.
ஒரு மடல் ஒடித்துச் சாய்த்து வைத்தேன்.
மஞ்சள் கறை வடிந்து முடிவதற்குள்
ஒரு டேங்கர் முழு லோடும் இறக்கிவிட்டது.
கழுவி, உள்ளிருந்த குளிர்ச்சியை
முழங்கை மடிப்பில் முதலில் தடவினேன்.
ஒரு ராத்திரி காத்தேன்.
சிவக்கவில்லை.
பிறகுதான் கன்னத்துக்கு அனுமதி.

வெள்ளரிக்காய் வாரம் இரண்டு தரம்.
மார்த்தாண்டம் தேன், விரல்நுனி அளவு,
ஈரக் கன்னத்தில் பத்து நிமிடம்.
அதற்குள் ஓர் எறும்பு வந்து விசாரித்துப் போனது.
தென்னை நடுவே பிறந்துவிட்டு
வெளிச்செண்ணெயை முகத்துக்கு விலக்கியது
பாவமோ என்னவோ.
தலை அதை முழுசாக எடுத்துக்கொண்டது.

வெதுவெதுத் தண்ணீரில் கழுவி
துண்டால் ஒற்றினேன்.
ஒற்றுவது காயத்துக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.
இருபத்தெட்டு வருஷமாக
நான் முகத்தைத் துடைத்ததெல்லாம்
வண்டிக் கண்ணாடி துடைக்கிற மாதிரி.

பதினேழாம் நாள்
எரிச்சல் இல்லாமல் கண் விழித்தேன்.
இல்லாத ஒன்று இவ்வளவு இதமாக இருக்குமா?
பல் தேய்க்க மறந்து
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் முன்னால் நின்றேன்.
தோல் உரிந்து அடங்கியிருந்தது.
காப்பிப்பொடி நிறத்தில் இரண்டு தழும்பு.
தாடையில் ஒரு பரு,
வாடகை தராத குடித்தனக்காரன்போல.
"முகம் பொருந்தவில்லை."
அது இன்னும் நிலாவைத் தேடிக்கொண்டிருக்கிறது.

"பழச அழிச்சிட்டுப் புதுசா எடுப்போம்," என்றார் சார்.
"முழுசா ஆறட்டும், அப்புறமா எடுக்கலாமா?"
"இதையே எடுங்க சார்."

இடப்பக்கம் திரும்பவும்.
திரும்பினேன்.
வலப்பக்கம்.
நேராகப் பார்க்கவும். கண் இமைக்கவும்.

வெளியே ஒரு லாரி
விடாமல் ஹாரன் அடிக்கிறது.
இருங்க அண்ணாச்சி,
முகம் எடுக்குது.